கோட்டுக்கு எந்தப் பக்கம்

கலா, போன வாரம் நீ போனில் கேட்டதற்கு "அப்புறம் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். "பொண்ணு கேக்குது, அதுக்கு இன்னா அப்புறம்?" என்று உங்கம்மா திட்டினாள். எனக்குப் போனில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். முரளி, நீயும் படி. ஒரகடத்தில் கம்பெனி லைனில் நிற்கிறவன் நீ, உனக்கும் இதில் சேதி இருக்கிறது.

முதலில், நீ சொன்னதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். உன் கல்லூரியில் கெமிஸ்ட்ரி லேபில் தண்ணீர் பரிசோதனை வரும்போது, பிள்ளைகளை அவரவர் ஊர் ஏரியிலிருந்தும் போர்வெல்லிலிருந்தும் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொல்வாய். இந்த வருஷம் நிர்வாகம், "காலேஜ் குழாய்த் தண்ணியே போதும், வெளித் தண்ணி வேணாம்" என்று சொல்லிவிட்டது. சுற்றியிருக்கிற கம்பெனிகள் ஏதாவது நினைத்துக்கொள்ளும் என்று அவர்களுக்குப் பயம். "நான் பாடம்தானேப்பா நடத்தறேன்? நீ இருந்தா இன்னா பண்ணியிருப்ப?" என்று கேட்டாய்.

கெமிஸ்ட்ரி டீச்சராக இருந்தால் என்ன பண்ணியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. வொர்க்ஷாப் இன்ஸ்ட்ரக்டராக ஒரு தடவை என்ன பண்ணினேன் என்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் அப்போது சின்னப் பிள்ளைகள். உங்களிடம் இதைப் பற்றிப் பேசியதில்லை.

என் படிப்பு உங்களுக்குத் தெரிந்ததுதான். வல்லக்கோட்டைப் பக்கம் பத்தாவது, அப்புறம் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர், அம்பத்தூரில் அப்ரண்டிஸ், அங்கேயே ஒரு பட்டறையில் கொஞ்ச காலம். கல்யாணம் ஆனதும் ஊர்ப் பக்கம் வேலை தேடி, தண்டலம் தாண்டி இருந்த பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். ரிட்டயர் ஆகிறவரை அங்கேதான்.

சேர்ந்த புதிதில் ஸ்டாஃப் ரூமில் எனக்கு உட்காரக் கூச்சமாக இருக்கும். மற்றவர்கள் எல்லாம் பி.இ., எம்.இ. படித்த லெக்சரர்கள். நான் காக்கிச் சட்டை. டீ வந்தால் வாங்கிக்கொண்டு வொர்க்ஷாப்புக்கே போய்விடுவேன். ஒரு நாள் மெக்கானிக்கல் துறைத் தலைவர் ஸ்டெல்லா மேடம் கூப்பிட்டார்.

"ஏழுமலை, ஏன் டீயைத் தூக்கிகிட்டு ஓடறீங்க?"

"இல்ல மேடம், இங்க டீச்சருங்க உக்கார்ற இடம்..."

"நீங்க போர்டுல எழுதறீங்களா?"

"எழுதறேன் மேடம்."

"நீங்க எழுதறதைப் பசங்க நம்பறாங்களா?"

"நம்பறாங்க மேடம்."

"அப்ப நீங்க டீச்சர்தான். உக்காருங்க."

அன்றிலிருந்து உட்கார்ந்தேன். ஆனால் அந்த அம்மா எனக்கு நாற்காலி கொடுத்ததோடு விடவில்லை, டீச்சர் என்றால் என்ன என்பதையும் கற்றுக்கொடுத்தார்.

ஸ்டெல்லா மேடம் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. ஒல்லியான உருவம், கஞ்சி போட்ட காட்டன் சேலை, பழைய ஜாமெட்ரி பாக்ஸில் சொந்தமாக சாக்பீஸ். யார் எந்தச் செய்தியைக் கொண்டுவந்தாலும் ஒரே கேள்விதான் கேட்பார்: "பாத்ததா, படிச்சதா, கேட்டதா?" ஒரு நாள் ஒரு லெக்சரர் மூச்சு வாங்க ஓடி வந்தார். "மேடம், கேன்டீன் சாம்பார்ல பல்லியாம்!" மேடம் தலை நிமிராமல், "பாத்ததா, படிச்சதா, கேட்டதா?" என்றார். "கேட்டது மேடம்." மேடம் எழுந்து கேன்டீனுக்கே போய், கரண்டியை விட்டு அண்டாவைத் துழாவிப் பார்த்துவிட்டு வந்தார். "பல்லி இல்ல. முருங்கைக்காயும் இல்ல. அதைத்தான் முதல்ல கேக்கணும்." அப்புறம் எல்லாரும் சாப்பிட்டோம்.

இன்னொரு பழக்கம் அவருடைய கோடு. அவர் துறையில் யார் வகுப்பெடுத்தாலும் முதலில் போர்டின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போட வேண்டும். இடது பக்கம், புத்தகத்தில் இருப்பது, அளந்து பார்த்தது, கண்ணால் காட்டக்கூடியது. வலது பக்கம், நடத்துகிறவர் தானாக நினைப்பது. வலது பக்கத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், அது நம் உரிமை, துறைத் தலைவர்கூடக் கேட்க மாட்டார். ஆனால் அதிலிருந்து பரீட்சையில் கேள்வி வராது. அதை ஒத்துக்கொள்ளாத மாணவனுக்கு மார்க் குறையாது.

எனக்கு ஆரம்பத்தில் இது வேடிக்கையாக இருந்தது. அரம் பிடிக்கக் கற்றுத்தருகிறவனுக்கு எதற்குக் கோடு? ஒரு நாள் நானாகவே வலது பக்கத்தில், "மெஷின்களில் ராஜா லேத்துதான்" என்று எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன், "இல்ல சார், ராஜா ரிட்டயர் ஆயிட்டாரு, இப்ப கம்ப்யூட்டர்ல ஓடற சி.என்.சி. ஆட்சி" என்றான். வகுப்பே சிரித்தது. நான் முறைத்தேன். வாசலில் நின்றிருந்த மேடம் உள்ளே வந்து, "நல்லா சொன்னே. ஏன்னு காரணம் சொல்லு" என்று அவனைப் போர்டுக்கே வரவழைத்து, என் வாக்கியத்துக்குக் கீழேயே எழுத வைத்தார். நன்றாகத்தான் எழுதினான். வெளியே வந்து என்னிடம், "வலது பக்கம் உங்களுக்கு எவ்வளவு சொந்தமோ அவ்வளவு அவனுக்கும் சொந்தம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அந்த வாரம் பூராவும் கோபம். அப்புறம் பழகிவிட்டது. கோடு போடாமல் எழுதினால் சட்டைப் பட்டன் போடாமல் வந்த மாதிரி இருக்கும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வருஷம் பக்கத்துக் கம்பெனி ஒன்று எங்களுக்குப் பழைய பவர் பிரஸ் ஒன்றை அன்பளிப்பாகக் கொடுத்தது. கார் பாகங்கள் அடிக்கிற கம்பெனி. பெயர் வேண்டாம். வருஷா வருஷம் எங்கள் மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இன்டர்வியூ வைத்து ஒரு கூட்டமாக எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் வந்தால்தான் மற்ற கம்பெனிகளும் வரும் என்று ஒரு நம்பிக்கை. மெஷின் நேராக வரவில்லை. நடுவில் ஒரு பழுது பார்க்கிற பட்டறையில் கிடந்து, பச்சைப் பெயிண்ட் அடித்துக்கொண்டு, லாரியில் வந்து இறங்கியது. எங்கள் கல்லூரித் தாளாளர் பெயிண்டரைக் கூப்பிட்டு, அதன் நெற்றியில் "அன்பளிப்பு" என்று போட்டு, கீழே கம்பெனி பெயரைக் கொட்டை எழுத்தில் எழுத வைத்தார். தேங்காய் உடைத்தோம்.

முரளிக்குத் தெரியும், கலாவுக்காகச் சொல்கிறேன். பவர் பிரஸ்ஸில் மேலிருந்து ராம் என்கிற கனமான இரும்பு இறங்கி, கீழே வைத்த தகட்டை ஒரே அடியில் வளைக்கும், வெட்டும். அடியில் கை இருந்தால் கையையும் தகடாகத்தான் நினைக்கும். அதனால் மெஷினில் இரண்டு பொத்தான். இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் ராம் இறங்கும். இரண்டு கையும் பொத்தானில் இருந்தால், கை அடியில் போக வழியில்லை. அவ்வளவுதான் தத்துவம்.

பிள்ளைகளை விடுவதற்கு முன்னால் நான் ஓட்டிப் பார்த்தேன். இடது பொத்தானை அமுக்கினேன். வலது கை இடுப்பில் இருந்தது. ராம் இறங்கிவிட்டது.

மெயினை ஆஃப் செய்து, ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "வேலை நடக்கிறது" பலகையை மாட்டிவிட்டு, பேனலைத் திறந்தேன். வலது பொத்தானுக்குப் போகிற இரண்டு முனைகளுக்கு நடுவில் ஒரு மஞ்சள் வயர். அந்தப் பொத்தானை யாரோ எப்போதும் அமுக்கிக்கொண்டே இருக்கிற மாதிரி அது மெஷினை ஏமாற்றிக்கொண்டிருந்தது. வயரை மாட்டியவன் வேலை தெரிந்தவன். முறுக்கு சுத்தம், ஸ்க்ரூ இறுக்கம்.

மேடத்தைக் கூப்பிட்டேன். டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "இதை இப்பவே எடுக்கணும்" என்றார். உடனே, "இருங்க. எடுக்கறதுக்கு முன்னாடி பசங்க பாக்கணும். கரண்ட் இல்லாம, இப்படியே. இதை விட நல்ல பாடம் புத்தகத்துல இல்ல" என்றார்.

அப்படியே செய்தேன். மூன்றாம் ஆண்டை நாலு நாலு பேராக பேனலுக்கு முன்னால் நிறுத்திக் காட்டினேன். பிறகு எல்லார் கண் முன்னாலும் வயரைக் கழற்றிச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு, ஃபியூஸைத் திரும்பப் போட்டேன். ஒரு கையுறையில் மெஷின் துடைக்கிற பஞ்சை அடைத்து, குச்சியால் ராமுக்கு அடியில் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் பொத்தானை அமுக்கினேன். கையுறையின் விரல்கள் காகிதமாகிப் போயின.

வகுப்புத் தலைவி தேவிதான் முதலில் பேசியவள். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவரின் மகள். வாய் அப்பா ஆட்டோ ஹாரன் மாதிரி.

"இன்னாத்துக்கு சார் வயரு போட்டாங்க? பைத்தியமா அவங்களுக்கு?"

"ஒரு கை ஃப்ரீயா இருந்தா பீஸை மாத்திகினே இருக்கலாம். வேகம் கூடும்."

"கையே பூட்டா வேகம் இன்னாவாம்?"

அப்போது ஒருத்தன், "இந்த மெஷின் எங்க இருந்து சார் வந்துது?" என்று கேட்டான். நான், "நெத்தியிலயே எழுதி கீதே, படி" என்றேன். எல்லாரும் அண்ணாந்து படித்தார்கள். வகுப்பு முடிந்தது.

கொஞ்ச நாளில் அதே பிள்ளைகளில் சிலர் அதே கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போனார்கள். டீ நேரத்தில் ஒருத்தன் சூப்பர்வைசரிடம், "உங்க மெஷின்ல பட்டனை ஷார்ட் பண்ணி வெச்சிருந்தீங்களாமே, எங்க சார் காட்டினாரு" என்று சொல்லிவிட்டான். சூப்பர்வைசர் மேலே சொல்ல, மேலே இருந்தவர் இன்னும் மேலே சொல்ல, தாளாளருக்குப் போன் வந்தது.

தாளாளரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் கம்பெனி கேட்டுக்கு வெளியே ஹவுஸ்கீப்பிங்குக்கு நிற்காமல் உள்ளே மெஷினுக்குப் போக வேண்டும் என்றுதான் கல்லூரி ஆரம்பித்தார். என்னையும் மேடத்தையும் அறைக்குக் கூப்பிட்டு, ஜூஸ் வரவழைத்துத்தான் பேசினார்.

"ஏம்பா ஏழுமலை, வயரை எடுத்துட்ட இல்ல?"

"எடுத்துட்டேன் சார்."

"அப்ப மேட்டர் முடிஞ்சுது. நாளைக்குக் கிளாஸ்ல போய், 'பசங்களா, உங்களுக்குக் காட்டறதுக்காக அந்த வயரை நான்தான் போட்டேன்'னு ஒரு வார்த்தை சொல்லிடு. கம்பெனி எச்.ஆர். பின்னாடி உக்காந்து கேட்டுட்டுப் போயிடுவாரு."

"நான் போடலியே சார்."

"நீ போடலன்னு எனக்குத் தெரியாதா? டெமோக்குப் போட்டதா சொல்லு. உனக்கு அதுல ஒரு கெட்ட பேரும் இல்ல. சொல்லலன்னா இந்த வருஷம் இன்டர்வியூவுக்கு வரமாட்டாங்க. நாப்பது புள்ளைங்கப்பா."

மேடம் ஜூஸைத் தொடவில்லை. "சார், பாடத்துல எது வரணும்னு சிலபஸ் சொல்லும். அதை எப்படி நடத்தணும்னு ஏழுமலை முடிவு பண்ணுவார். அவர் தப்பா நடத்தினா நான் கேப்பேன், அது என் வேலை. நடக்காததை நடந்ததா கிளாஸ்ல சொல்லச் சொல்றதுக்கு இந்த ரூம்ல யாருக்கும் உரிமை இல்ல."

"மேடம், கொள்கை பேசறதுக்கு இது நேரமில்ல."

"கொள்கை இல்ல சார். டியூட்டி."

வொர்க்ஷாப்புக்குத் திரும்பினால் வாசலில் கூட்டம். விஷயம் அதற்குள் பிள்ளைகளுக்குப் போய்விட்டது. தேவி முன்னால் நின்றாள்.

"சார், மெய்யாலுமே நீங்க ஒரு வார்த்தை சொன்னா அவங்க வந்துடுவாங்களா?"

"அப்படித்தான் சொல்றாங்க."

"சொல்லிடுங்க சார். எங்களுக்குத் தெரியும் நீங்க போடலன்னு. தெரிஞ்சவங்க முன்னாடி சொல்ற பொய்யி பொய்யே இல்ல."

"அப்படியா?"

"உங்களுக்கு வேலை கீது சார். எங்களுக்கு இன்னும் ஸ்டார்ட்டே ஆவல. எங்கப்பா இப்பவே ஸ்டாண்டு பூரா சொல்லி வெச்சிட்டாரு, பொண்ணு கம்பெனிக்குப் போவப்போவுதுன்னு."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. முரளி, நீ காண்ட்ராக்டில் இருந்த காலத்தை நினைத்துப் பார், உனக்குப் புரியும்.

அன்று சாயங்காலம் உங்கம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டே, "நாப்பது புள்ளைங்க பொழப்புன்னா சொல்லிட்டு வாயேன், இன்னா கொறஞ்சு பூடும்?" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா நீ பொய் சொன்னா காது செவந்துடும். மொதோ பெஞ்சுக்கே தெரிஞ்சுடும்" என்று சிரித்தாள்.

மறுநாள் வகுப்புக்கு முன்னால் மேடம் என்னை உட்கார வைத்தார். நான் அவர் தைரியம் சொல்வார் என்று நினைத்துப் போனேன். அவர் வேறு எங்கேயோ ஆரம்பித்தார்.

"அன்னிக்கு மெஷின் எங்கிருந்து வந்ததுன்னு பையன் கேட்டப்ப, நீங்க என்ன சொன்னீங்க? அதே வார்த்தை."

"நெத்தியிலயே எழுதி கீதே, படின்னேன் மேடம். அது உண்மைதானே? நம்ம பெயிண்டரே எழுதினது."

"உண்மைதான். சொல்லும்போது முகம் எப்படி இருந்தது?"

யோசித்தேன். "கொஞ்சம் சிரிச்சேன் மேடம்."

"அந்தச் சிரிப்பு கோட்டுக்கு எந்தப் பக்கம்?"

பதிலுக்குக் காத்திராமல் அவரே சொன்னார்.

"வயர் இருந்தது, பாத்தது. கம்பெனி போட்டதுன்னு நீங்க பாக்கல. நடுவுல பட்டறையில கிடந்தது. அங்க யாராவது போட்டிருக்கலாம். நீங்க வாயால சொல்லல, சிரிப்பால சொன்னீங்க. பசங்க அதை இடது பக்கத்துல எழுதிகிட்டு கம்பெனிக்கே போயிட்டாங்க."

"அப்ப நான் தப்புங்கறீங்களா மேடம்?"

"பாடம் தப்பில்ல. சிரிப்பு மட்டும் அதிகம்."

கலா, இன்றைக்கும் அந்த இடத்தில் எனக்கு மேடத்தோடு முழுசாக உடன்பாடு இல்லை. கேட்ட பையனுக்கு இருக்கிற எழுத்தைக் காட்டினேன், சிரிப்பு தானாக வந்தது என்றுதான் ஒரு மனசு சொல்கிறது. ஆனால் அதற்குப் பிறகு எந்த வகுப்பிலும் என் முகத்தைப் பற்றி யோசிக்காமல் நான் பாடம் எடுத்ததில்லை.

"சரி மேடம். இப்ப அவங்க சொல்ற பொய்யைச் சொல்லட்டுமா, வேணாமா?"

"அதை நான் சொல்லமாட்டேன். சொல்லுன்னா அது உங்க வாயில நான் வைக்கற பொய். சொல்லாதேன்னா அந்தப் பசங்க வேலைக்கு நீங்க என்னைக் கை காட்டலாம். ரெண்டும் வேணாம்." ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து ஒரு புது சாக்பீஸை எடுத்துக் கொடுத்தார். "கோடு போடுங்க. அந்த வாக்கியத்தை எந்தப் பக்கம் எழுதலாம்னு பாருங்க. ஏதாவது ஒரு பக்கத்துல அதுக்கு இடம் இருந்தா, எழுதுங்க."

வகுப்பில் எச்.ஆர். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரகுநாதன் என்று பெயர். முப்பது வயசிருக்கும், கழுத்தில் அடையாள அட்டை, மரியாதையான ஆள். முன்னால் தேவி. அவள் கண் என் வாயிலேயே இருந்தது.

கோடு போட்டேன்.

இடது பக்கம் கையை வைத்தேன். "வயரை நான் போட்டேன்." நான் பார்க்காதது, செய்யாதது. அங்கே இடமில்லை. வலது பக்கம் கையைக் கொண்டுபோனேன். அது நான் நினைக்கிறதை எழுதுகிற இடம். நான் போட்டதாக நான் நினைக்கவும் இல்லையே. சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

அப்புறம் இடது பக்கத்தில் எழுதினேன்:

பேனலைத் திறந்தபோது உள்ளே வயர் இருந்தது.
அதனால் ஒரே பொத்தானில் ராம் இறங்கியது.
வயரைப் போட்டது யார்: தெரியாது.

திரும்பிச் சொன்னேன். "தெரியாதுங்கறதை ஏன் இந்தப் பக்கம் எழுதறேன்னா, அதுவும் நெஜம். மெஷின் நம்மகிட்ட வர்றதுக்கு முன்னாடி ரெண்டு எடத்துல இருந்துது. யார் போட்டாங்கன்னு நான் பாக்கல. அன்னிக்கு நான் பாத்த மாதிரி சிரிச்சேன். அந்தச் சிரிப்பை இப்ப அழிச்சிடறேன்."

எச்.ஆர். நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருக்குப் போதும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

வலது பக்கம் எழுதினேன்: "போட்டவன் கெட்டவன் இல்லை. அவனை யாரோ அவசரப்படுத்தியிருக்கிறார்கள். இது நான் நினைப்பது. நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டாம்."

தேவி எழுந்தாள். நான் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லப் போவதில்லை என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டாள்.

"சார், நாளைக்கு நாங்க போற எடத்துலயும் இதே மாதிரி வயரு இருந்தா இன்னா பண்ணணும்?"

"மெஷினை நிறுத்திட்டு சொல்லணும்மா."

"சொன்னா வேலை இருக்குமா சார்?"

மொத்த வகுப்பும் தலையைத் திருப்பிக் கடைசி பெஞ்சைப் பார்த்தது. திரும்பிப் பார்க்கச் சொன்னது நான் இல்லை. ரகுநாதனின் கை கழுத்து அட்டையைத் தடவியது.

"சொல்லணும்" என்றார். "கண்டிப்பா சொல்லணும்." பிறகு, "மீதிக்கு நான் பதில் சொல்ற ஆள் இல்லம்மா" என்றார். வெளியே போகும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கோபமா மரியாதையா தெரியவில்லை. அதை நான் இதுவரை எந்தப் பக்கத்திலும் எழுதிக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் அந்தக் கம்பெனி வரவில்லை. மற்ற கம்பெனிகள் வந்தன, எல்லாம் இல்லை. சில பிள்ளைகளுக்கு நல்ல இடம் கிடைத்தது. பல பேர் காண்ட்ராக்டில் போனார்கள். தேவி அதில் ஒருத்தி. கடைசி நாளில் எல்லாரும் வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் வரவில்லை.

மெஷின் நெற்றியில் இருந்த பெயரை, எழுதிய பெயிண்டரையே கூப்பிட்டு அழித்தார்கள். தார்ப்பாய் போட்டு மூடினார்கள். எனக்கு அடுத்த வருஷம் முதலாமாண்டு மரவேலை மட்டும் கொடுத்தார்கள். மேடத்தைத் துறைத் தலைவர் பதவியிலிருந்து மாற்றிப் பரீட்சைப் பிரிவுக்கு அனுப்பினார்கள். மேடம் ஜாமெட்ரி பாக்ஸோடு போனார், ஒரு வார்த்தை குறையாகப் பேசவில்லை. சிலபஸில் பவர் பிரஸ் இருந்ததால் அடுத்து வந்தவர் தார்ப்பாயைப் பிரித்தார், என்னையும் திரும்பக் கூப்பிட்டார். மஞ்சள் வயர் அதே ஆணியில்தான் தொங்கியது. யாருக்கும் அதை எடுக்கத் தோன்றவில்லை போல.

ரிட்டயர் ஆன பிறகு ஒரு கிருத்திகைக்கு உங்கம்மாவோடு வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போனேன். வரிசையில் யாரோ, "ஏழுமலை சார்!" என்று கத்தினார்கள். எனக்குப் பார்க்காமலே தெரிந்தது, அந்த ஹாரன். தேவி. கம்பெனி யூனிஃபார்ம் சட்டை, கையில் ஒரு குழந்தை.

"சார், நான் இப்ப லைன் லீடரு. பெர்மனென்ட்டு."

"ரொம்ப சந்தோஷம்மா."

"இன்னா சந்தோஷம்? நீங்க அன்னிக்கு அந்த ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எப்பவோ ஆயிருப்பேன். ரொம்ப நாள் உங்க மேல கோவம் சார் எனக்கு."

"இப்ப?"

"இப்பவும் கொஞ்சம் கீது." குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினாள். வரிசை நகர்ந்தது. நகர்ந்துகொண்டே சொன்னாள்: "ஆனா ஒண்ணு சார். தெரிஞ்சவங்க முன்னாடி சொல்ற பொய்யி பொய்யில்லன்னு சொன்னேனே. நீங்க சொல்லியிருந்தா கொஞ்ச நாள்ல நானே நம்பியிருப்பேன். காலேஜுல சும்மா காட்டறதுக்குப் போட்டாங்க, வெளிய மெஷினெல்லாம் சரியாத்தான் கீதுன்னு நெனச்சிகினு போய் கையை வுட்டிருப்பேன்."

"உங்க லைன்ல பட்டன்லாம்?"

"ரெண்டும் வேலை செய்யுது. தினம் ஷிஃப்ட் ஆரம்பிக்கறப்போ ஒவ்வொண்ணா அமுக்கிப் பாக்கறேன்." என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தது சார். கேட்டது இல்ல."

உங்கம்மா என்னைப் பார்த்து, "இன்னா, காது செவக்குது?" என்றாள்.

கலா, உன் விஷயத்தில் நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. உனக்கு இன்னும் நிறைய வருஷம் வேலை இருக்கிறது, வீட்டுக் கடமை இருக்கிறது, என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. மேடம் எனக்குச் சொல்லாததை நான் உனக்குச் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றாய். நம் ஊர் ஏரியில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன். எந்தக் கரை, எந்த இடம் என்று மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன். தண்ணீர் யாரால் எப்படி ஆனது என்று ஒன்றும் எழுதவில்லை, அது எனக்குத் தெரியாது. அலமாரியில் உன் பழைய டிபன் பாக்ஸ் பக்கத்தில் இருக்கும். எடுத்துப் போவதும் வைத்துவிட்டுப் போவதும் உன் இஷ்டம்.